கணினி போடும் தாயம்

பைத்தான் மொழியில் நிரல் எழுதப் பழகும் நண்பர்களிடம் ஒரு கேள்வி. அந்த மொழியுடன் கூடவே வரும் நூலகங்களில் ‘ரேண்டம்’ என்று ஒன்று இருக்கிறது. ‘1 முதல் 6-க்குள் ஏதாவது ஓர் எண் கொடு’ என்றால் கொடுக்கும். ‘சீக்ரெட்ஸ்’ என்று இன்னொன்றும் இருக்கிறது. அதனிடமும் இதையே கேட்கலாம், அதுவும் கொடுக்கும். இரண்டும் தந்த எண்களை ஆயிரம் ஆயிரமாக அச்சிட்டு உங்கள் முன் வைத்தால், எது எதிலிருந்து வந்தது என்று உங்களால் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. அப்படியிருக்க ஒரே வேலைக்கு இரண்டு எதற்கு? இரண்டாவதை 2016-இல் மெனக்கெட்டு ஏன் சேர்த்தார்கள்?

இதற்குப் பதில் தேடினால் கணினியில் நடக்கும் இரண்டு பெரிய வேலைகள் புரிந்துவிடும். ஒன்று, உலகத்தில் நடப்பதைக் கணினிக்குள் எண்களாக நடத்திப் பார்ப்பது. சிமுலேஷன் என்கிறோமே, அது. மற்றொன்று, இணையத்தில் பிறர் ஒட்டுக்கேட்க முடியாதபடி பேசுவது.

முதலில் நூலகத்தைப் பற்றிக் கொஞ்சம். யாரோ ஒருவர் முன்பே எழுதி, சோதித்து, மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று வைத்திருக்கும் செயற்கூறுகளின் தொகுப்புதான் நூலகம். 1949 மே 6 அன்று இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ‘எட்சாக்’ என்ற கணினி தன் முதல் நிரலை ஓட்டியது. அந்த நிரலைத் திரையில் தட்டவில்லை, காகித நாடாவில் துளைகளாகப் போட்டார்கள். ஒரு துளை இடம் மாறினாலும் விடை தப்பு. வர்க்கமூலம் காண ஒருவர் நாடா போடுவார். அடுத்த வாரம் வேறொருவர் அதே வேலைக்கு முதலிலிருந்து போட்டு, புதிதாகத் தவறு செய்வார். எட்சாக்கை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸும், அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த டேவிட் வீலரும், ஸ்டான்லி கில்லும் இதற்கு ஒரு வழி செய்தார்கள். ஒரு கணக்கை ஒரே தடவை சரியாக எழுது, சோதி, நாடாவை இரும்பு அலமாரியில் வை. வேண்டியவர் அலமாரியிலிருந்து நாடாவை எடுத்து, அதைத் தன் நாடாவில் எந்திரத்தாலேயே படியெடுத்துக்கொள்வார். மூவரும் சேர்ந்து 1951-இல் அந்த நாடாக்களை விளக்கி ஒரு புத்தகமே போட்டார்கள். சைன், கொசைன், வர்க்கமூலம் எல்லாம் அதில் உண்டு. நகரும் பொருள் அடுத்த கணத்தில் எங்கே இருக்கும் என்று படிப்படியாகக் கணிக்கும் கணக்குக்கு ஸ்டான்லி கில் வகுத்த முறை, கணினியின் சின்னஞ்சிறு நினைவகத்தில் அடங்கும்படி சிக்கனமாக அமைந்திருந்தது. ஆக, உலகின் முதல் நிரல் நூலகங்களில் ஒன்றிலேயே சிமுலேஷன் இடம்பிடித்துவிட்டது.

சரி, நாமும் ஒன்றை நடத்திப் பார்ப்போம். தாயம் ஆடுகிறோம். இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஒன்றுமில்லாத வெறுமுகம். ஒரு கட்டையில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறுமுகமும் விழுந்தால் தாயம். அது விழுந்தால்தான் காய் வெளியே வரும். எதிராளியின் காய்கள் பாதிக் கட்டம் தாண்டிவிட்டன, நமக்கோ தாயமே விழவில்லை. 20 தடவை உருட்டியும் விழாமல் போக வாய்ப்பு எவ்வளவு?

காகிதத்திலேயே போடலாம். இரண்டு கட்டைகளும் விழக்கூடிய விதங்கள் 16. அவற்றில் 2 மட்டுமே தாயம். ஒரு தடவை விழாமல் போக வாய்ப்பு எட்டில் ஏழு. அதை 20 தடவை பெருக்கினால் ஏறக்குறைய 0.07 வரும். நூறு பேர் ஆடினால் ஏழு பேர் வரை இப்படி வெளியே வராமல் உட்கார்ந்திருப்பார்கள்.

இது சுலபமான கேள்வி. ‘தாயம், அஞ்சு, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம், எதிராளியின் காயை வெட்டினாலும் உருட்டலாம், மலையில் ஏறிய காயை வெட்ட முடியாது’ என்று உங்கள் ஊர் விதிகளை எல்லாம் சேர்த்து, ‘முதலில் உருட்டுபவர் ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு?’ என்று கேட்டுப் பாருங்கள். காகிதமும் பேனாவும் கைவிட்டுவிடும். கணினியோ விடாது. விதிகளை நிரலாக எழுதி, கட்டை உருட்டும் இடத்தில் ‘ரேண்டம்’ நூலகத்தை அழைத்துவிட்டால் போதும். பத்தாயிரம் ஆட்டங்களை அதுவே ஆடும், யார் ஜெயித்தார் என்று நாம் எண்ணிக்கொள்ளலாம்.

எத்தனை ஆட்டம் ஆடினால் நம்பலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சுலபமான கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 ஆட்டத்தில் ஏழு என்று எதிர்பார்த்த இடத்தில் 4 வரலாம், 10-உம் வரலாம். 10,000 ஆட்டமானால் 690-ஐ ஒட்டி, பெரும்பாலும் 25 முன்பின்னாக வரும். விடை பத்து மடங்கு துல்லியமாக வேண்டுமென்றால் நூறு மடங்கு உழைக்க வேண்டும். கணினிக்குச் சலிப்பில்லை என்பதுதான் நமக்கு இங்கே பெரிய உதவி.

இந்த வழியைக் கண்டவர் போலந்திலிருந்து வந்து அமெரிக்காவில் வாழ்ந்த கணித அறிஞர் ஸ்டனிஸ்லாவ் உலாம். 1946-இல் கடும் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த அவர், பொழுதுபோக்காகத் தனியாகச் சீட்டு ஆடினார். கலைத்துப் போட்ட சீட்டுகள் ஜெயிக்கும்படி அமைய வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு நீண்டுகொண்டே போனது. நூறு தடவை ஆடிவிட்டு, எத்தனை தடவை ஜெயிக்கிறது என்று எண்ணினால் என்ன என்று தோன்றியது அவருக்கு. நண்பர் ஜான் வான் நாய்மனிடம் சொன்னார். அணுவைப் பிளக்கும் நியூட்ரான்கள் ஒரு பொருளுக்குள் எப்படி ஓடும், எங்கே மோதும் என்ற கேள்விக்கு இந்த வழியையே பயன்படுத்தலாம் என்று இருவரும் கண்டார்கள். அது அணு ஆயுத ஆராய்ச்சிக்கான கேள்வி என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1948-இல் ‘எனியாக்’ கணினியில் இந்தக் கணக்கு ஓடியது. அதற்கு நிரல் எழுதியவர்களில் முக்கியமானவர் கிளாரா வான் நாய்மன் என்ற பெண்மணி. சூதாட்டத்துக்குப் பேர்போன மாண்டி கார்லோ நகரின் பெயரே இந்த முறைக்கு அமைந்தது. இன்று மருத்துவமனையில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது அது உடலுக்குள் எங்கே எவ்வளவு படும் என்று கணிக்கவும் இதே முறை உதவுகிறது.

இப்போது சிக்கலான இடத்துக்கு வந்துவிட்டோம். கணினி, சொன்னதை மட்டும் செய்யும் எந்திரம். 2-ஐயும் 3-ஐயும் கூட்டினால் எப்போதும் 5. அப்படிப்பட்ட எந்திரம் தாயக்கட்டையை எப்படி உருட்டும்?

1955-இல் அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனம் பத்து லட்சம் தற்செயல் இலக்கங்களை ஒரு புத்தகமாகவே வெளியிட்டது. பக்கம் பக்கமாக இலக்கங்கள் மட்டும். ஆனால் கணினிக்குள் அவ்வளவு எண்களை வைக்க அன்று இடமில்லை, துளை அட்டையிலிருந்து படிப்பதும் தாமதம். வான் நாய்மன் அதற்கு முன்பே வேறொரு வழி சொல்லியிருந்தார். நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், சேர்ந்து செய்வோம்.

நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள், 1234 என்று வைப்போம். அதை அதனாலேயே பெருக்குங்கள்: 15,22,756. எட்டு இலக்கமாக்க முன்னால் ஒரு பூஜ்யம் போட்டால் 01522756. நடுவில் உள்ள நான்கு இலக்கங்கள் 5227. இதுதான் அடுத்த எண். 5227-ஐ அதனாலேயே பெருக்கினால் 27321529, நடுவில் 3215. அடுத்தது 3362. அதற்கடுத்தது 3030. பிறகு 1809, 2724. பார்த்தால் எந்த ஒழுங்கும் தெரியவில்லை, இல்லையா?

இப்போது 3792-இல் தொடங்குங்கள். வர்க்கம் 14379264. நடுவில் 3792! எத்தனை தடவை உருட்டினாலும் அதே எண்தான். 2500-ஐயும் 7600-ஐயும் போட்டுப் பாருங்கள், அவையும் அப்படியே நிற்கும். 6100-இல் தொடங்கினால் 2100, 4100, 8100, மறுபடி 6100 என்று செக்குமாட்டைப் போலச் சுற்றிச் சுற்றி வரும். எந்த எண்ணில் தொடங்கினாலும் என்றோ ஒருநாள் இப்படி ஒரு சுழலில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். மொத்தம் பத்தாயிரம் எண்களே இருப்பதால் ஏதாவது ஒன்று திரும்ப வந்தே தீரும். வந்துவிட்டால் அதற்குப் பின் வருவதெல்லாம் முன்பு வந்தவைதான்.

ஆகவே கணினி தருபவை உண்மையான தற்செயல் எண்கள் அல்ல, கணக்குப் போட்டு வருபவை. தொடங்கும் எண்ணுக்கு ‘விதை’ என்று பெயர். விதை தெரிந்தால் முழு வரிசையும் தெரிந்துவிடும். வரிசை எவ்வளவு நீளமாக ஓடுகிறது, அதில் ஒளிந்திருக்கும் ஒழுங்கு எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதில்தான் நல்ல செயற்கூறும் மோசமான செயற்கூறும் வேறுபடுகின்றன.

மோசமானதற்குப் பேர்போனது ‘ரண்டு’. 1960-களில் ஐபிஎம் நிறுவனம் அறிவியலாளர்களுக்கென்று கொடுத்த நூலகத்தில் இருந்தது அது. முந்தைய எண்ணை 65,539-ஆல் பெருக்கி, 2,147,483,648-ஆல் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாக எடுத்துக்கொள்ளும். வேகமாக ஓடும். எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் குறையும் தெரியாது. ஆனால் அடுத்தடுத்து வரும் மூன்று எண்களை நீளம், அகலம், உயரம் என்று வைத்து, ஒரு பெட்டிக்குள் புள்ளி வைத்துக்கொண்டே போனால் நிலைமை புரியும். புள்ளிகள் பெட்டி முழுவதும் சிதற வேண்டும். ரண்டு தந்த புள்ளிகளோ 15 தட்டையான தளங்களில் மட்டும் அடுக்கடுக்காக உட்கார்ந்தன. தளங்களுக்கு இடையே வெற்றிடம். இவ்வகைப் பெருக்கல் முறைகள் எல்லாவற்றிலுமே இப்படித் தளங்கள் இருக்கும் என்று ஜார்ஜ் மார்சாக்லியா 1968-இல் நிறுவினார். ரண்டுவில் அவை மிகமிகக் குறைவு. அதை நம்பிச் செய்த கணக்குகளில், பெட்டியின் பெரும்பகுதிக்குள் ஒரு புள்ளிகூட எட்டிப் பார்த்திருக்காது! ஒரு செயற்கூறு நூலகத்தில் இருப்பதாலேயே அது நல்லது என்று ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பைத்தானின் ‘ரேண்டம்’ அப்படியல்ல. அதற்குள் ஓடுவது ‘மெர்சென் ட்விஸ்டர்’ என்ற முறை. மகோட்டோ மட்சுமோட்டோ, தகுஜி நிஷிமுரா என்ற இரண்டு ஜப்பானிய அறிஞர்கள் 1997-இல் உருவாக்கியது. அது தரும் வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்குவதற்கு முன் எத்தனை எண்கள் வரும் தெரியுமா? 2-ஐ 19,937 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் அளவு. அந்த எண்ணை எழுதவே 6,002 இலக்கம் வேண்டும். தாயம் ஆட இது தாராளம்.

இதில் இன்னொரு வசதி, விதையை நாமே கொடுக்கலாம். 42 என்று விதை கொடுத்துவிட்டு ஆயிரம் தடவை உருட்டுங்கள். நாளைக்கு மறுபடி 42 கொடுத்தால் அதே ஆயிரமும் அதே வரிசையில் வரும். ‘இதென்ன தாயம்! இது அழுகுணி ஆட்டமாயிற்றே’ என்று தோன்றும். விளையாட்டுக்கு அழுகுணிதான், அறிவியலுக்கு இது உயிர். உங்கள் நிரல் 7,316-ஆவது ஆட்டத்தில் தவறான விடை தருகிறது என்று வையுங்கள். அதே விதையைப் போட்டால் அந்த ஆட்டத்தையே திரும்ப ஓட்டி, தவறு எங்கே என்று தேடலாம். வேறு ஊரில் இருக்கும் இன்னொருவர் உங்கள் விதையை வாங்கிக்கொண்டு, உங்கள் விடை சரியா என்று சோதிக்கலாம்.

திரும்ப ஓட்டும்போது துல்லியம் தவறினால் என்ன ஆகும் என்பதை 1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் கண்டார். அமெரிக்காவின் எம்ஐடியில் சிறிய கணினி ஒன்றில் வானிலையை நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். ஓர் ஓட்டத்தின் ஒரு பகுதியை மறுபடி பார்க்க ஆசைப்பட்டு, முன்பு அச்சாகியிருந்த எண்ணை நடுவிலிருந்து எடுத்துத் தட்டினார். கணினிக்குள் இருந்த எண் 0.506127. தாளில் அச்சானதோ 0.506. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசம். புதிய வானிலை கொஞ்ச தூரம் பழையதோடு ஒட்டிப் போனது, பிறகு விலகியது, கடைசியில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் போனது. சிறு மாற்றம் பெரிய விளைவாக வளரும் இந்த இயல்பை ஆராய ‘கேயாஸ்’ என்று ஒரு துறையே பின்னர் வளர்ந்தது. வானிலை அறிக்கை இரண்டு வாரத்துக்கு அப்பால் நாள்வாரியாகச் சொல்லத் தடுமாறுவது இதனால்தான்.

ஆக, சிமுலேஷனுக்கு வேண்டியது திரும்பச் செய்யக்கூடிய தற்செயல். இனி அதற்கு நேரெதிரான பக்கத்துக்குப் போவோம்.

தேர்வு முடிவு பார்க்க ஓர் இணையதளத்தைத் திறக்கிறீர்கள். முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் என்று இருக்கும். உங்கள் கைப்பேசிக்கும் அந்தத் தளத்தின் சேவையகத்துக்கும் நடுவே வைஃபை பெட்டி, கோபுரம், கேபிள் என்று எத்தனையோ கைகள். நடுவில் இருக்கும் யார் பார்த்தாலும் புரியாதபடி இருவரும் பேச வேண்டும். அதற்கு இருவருக்கும் பொதுவான ஒரு ரகசியத் திறவுகோல் வேண்டும். ஆனால் இவர்கள் இதற்கு முன் சந்தித்ததே இல்லை. எல்லோரும் கேட்கும் வழியில் பேசியே ரகசியத்தை எப்படி உண்டாக்குவது?

1976-இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் இதற்கு வழி வெளியிட்டார்கள். சிறிய எண்களில் செய்து பார்க்கலாம். 5, 23 என்ற இரண்டு எண்கள் எல்லோருக்கும் தெரியும். உங்கள் கைப்பேசி 3 என்ற எண்ணை ரகசியமாக நினைத்துக்கொள்கிறது. 5-ஐ மூன்று முறை பெருக்கினால் 125. அதை 23-ஆல் வகுத்தால் மீதி 10. இந்த 10-ஐ மட்டும் அனுப்புகிறது. சேவையகம் 7-ஐ நினைத்துக்கொள்கிறது. 5-ஐ ஏழு முறை பெருக்கினால் 78,125. 23-ஆல் வகுத்தால் மீதி 17. அது 17-ஐ அனுப்புகிறது. இப்போது கைப்பேசி, தனக்கு வந்த 17-ஐ மூன்று முறை பெருக்குகிறது: 4,913. 23-ஆல் வகுத்தால் மீதி 14. சேவையகம், தனக்கு வந்த 10-ஐ ஏழு முறை பெருக்குகிறது: ஒரு கோடி. 23-ஆல் வகுத்தால் மீதி... அதே 14! இருவரிடமும் 14 இருக்கிறது, வழியில் 14 போகவே இல்லை. முதல் தடவை இதைப் போட்டுப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் ஒரு நொடி அசந்துதான் போவார்.

ஒட்டுக்கேட்டவருக்குக் கிடைத்தவை 5, 23, 10, 17. இந்தச் சிறிய எண்களில் எல்லாவற்றையும் முயன்று பார்த்து ரகசியத்தைக் கண்டுவிடலாம். உண்மையில் பயன்படும் எண்கள் பிரம்மாண்டமானவை. இன்று பரவலாக உள்ள ஒரு முறையில் 23-இன் இடத்தில் இருப்பது, 2-ஐ 255 முறை பெருக்கி 19-ஐக் கழித்தால் வரும் பகா எண். கணக்கும் இதைவிடச் சற்றுச் சிக்கலானது. முயன்று பார்ப்பது நடக்காத காரியம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கைப்பேசி அந்த 3-ஐ எங்கிருந்து எடுத்தது? சேவையகம் 7-ஐ? தற்செயல் எண் தரும் செயற்கூறிடம் கேட்டுத்தான். அது என்ன தரும் என்று திருடருக்கு முன்கூட்டியே தெரிந்தால், பகா எண் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

இது நடந்திருக்கிறது. இணையதளங்களோடு மறைவாகப் பேசும் முறையைக் கொண்டுவந்தது நெட்ஸ்கேப் உலாவிதான். 1995 செப்டம்பரில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் இருவரும் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். அந்த உலாவி தன் விதையை நேரத்திலிருந்தும், ஓடும் நிரல்களுக்குக் கணினி கொடுக்கும் இரண்டு வரிசை எண்களிலிருந்தும் எடுத்தது. நேரம் யாருக்கும் தெரியும். அந்த எண்களையும் ஊகித்துவிடலாம். பூட்டு உறுதியானது, சாவியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும்! அவர்கள் கண்டதைப் பகிரங்கமாகச் சொன்னார்கள், நெட்ஸ்கேப் திருத்திக்கொண்டது.

அதைவிடப் பெரியது 2008-இல் வெளியானது. ‘ஓபன்எஸ்எஸ்எல்’ என்பது உலகின் பெரும்பாலான சேவையகங்கள் மறைவாகப் பேசப் பயன்படுத்தும் நூலகம். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அதைச் சேர்த்தவர்கள், சோதனைக் கருவி ஒன்று எச்சரிக்கை தந்ததால் 2006-இல் சில வரிகளை நீக்கினார்கள். நிரல் முன்போலவே ஓடியது. எந்தச் சோதனையும் தோற்கவில்லை. ஆனால் அந்த வரிகள்தான் விதைக்குள் தற்செயலைக் கொண்டுவந்து சேர்த்தவை. அவை போனபின் மிஞ்சியது, 32,767-க்கு மேல் போகாத ஒரு வரிசை எண் மட்டும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக அந்தக் கணினிகள் உண்டாக்கிய திறவுகோல்கள் எல்லாவற்றையும் ஒரு சாதாரணக் கணினி பட்டியல் போட்டுவிடும் நிலை. 2008 மே மாதம் லுசியானோ பெல்லோ இதைக் கண்டு சொன்னபின் உலகெங்கும் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. மோசமான கூட்டல் செயற்கூறு ஒரே நாளில் மாட்டிக்கொள்ளும். மோசமான தற்செயல் செயற்கூறோ ஆண்டுக்கணக்கில் நல்லபிள்ளையாகவே தெரியும்.

இப்போது முதல் கேள்விக்கு விடை தெரிகிறது. மெர்சென் ட்விஸ்டர் தரும் எண்களில் 624-ஐ முழுதாகத் தொடர்ந்து பார்த்துவிட்டால், அடுத்து வருவன எல்லாவற்றையும் துல்லியமாகச் சொல்லிவிட முடியும். அதன் குறை அல்ல இது. சிமுலேஷனுக்காகப் படைத்ததை ரகசியத்துக்குப் பயன்படுத்தினால் வரும் கேடு. ‘சீக்ரெட்ஸ்’ நூலகம் கணக்கில் மட்டும் நம்பிக்கை வைப்பதில்லை. இயங்குதளத்திடம் கேட்கிறது. இயங்குதளமோ சாதனங்கள் குறுக்கிடும் நேரங்களின் நுண்ணிய ஏற்ற இறக்கம், சில்லுக்குள் எழும் மின் இரைச்சல் போன்றவற்றைச் சேகரித்து, கலக்கி வைத்திருக்கிறது. ‘சீக்ரெட்ஸ்’ நூலகத்தில் விதை கொடுக்கும் வசதியே இல்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் வரவேற்பறைச் சுவரில் சுமார் நூறு லாவா விளக்குகள் இருக்கின்றன. வண்ண மெழுகு உருகி உருண்டு ஏறி இறங்கும் விளக்குகள். ஒரு கேமரா அவற்றைப் படமெடுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் படங்களின் எண்களும் அவர்கள் கலக்கும் தற்செயலில் சேர்கின்றன. லோரன்ஸின் வானிலையைப் போலவே அந்த மெழுகு எப்போது எங்கே பிரியும் என்று யாராலும் கணிக்க முடியாது. சிமுலேஷன்காரர்களைத் திணறடித்த அதே இயல்பு இங்கே காவலுக்கு நிற்கிறது!

திறவுகோல் உண்டாகிவிட்டது, வேலை முடிந்ததா? இல்லை. யாரோடு ரகசியம் பேசுகிறோம் என்று இன்னும் தெரியாது. நடுவில் ஒரு திருடர் சேவையகம்போல நடித்தால், அவரோடு மிக ரகசியமாகப் பேசிக்கொண்டிருப்போம். இதற்குத்தான் சான்றிதழ். பைத்தானில் ‘எஸ்எஸ்எல்’ நூலகம் சேவையகத்தின் சான்றிதழை வாங்கி, கையொப்பம் நம்பத்தக்கதா, அதில் உள்ள பெயர் நாம் கேட்ட தளத்தின் பெயர்தானா, காலாவதி ஆகிவிட்டதா என்று பார்க்கிறது. வியப்பான செய்தி, 2014-ஆம் ஆண்டின் இறுதிவரை பைத்தானில் எச்டிடிபிஎஸ் தளத்தை அழைக்கும் செயற்கூறு, நாம் தனியாகக் கேட்டால் ஒழிய இந்தச் சோதனையைச் செய்யாது. மறையாக்கம் இருக்கும், அடையாளம் பார்ப்பது இருக்காது.

2012-இல் டெக்சாஸ், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பணம் செலுத்தும் மென்பொருள்களைச் சோதித்தபோது, பலவற்றில் இந்தச் சோதனை சரியாக நடக்கவில்லை என்று கண்டார்கள். ஒரு காரணம் படிக்கவே வருத்தமாக இருக்கும். ‘கர்ல்’ என்ற நூலகத்தில் பெயரைச் சரிபார் என்று சொல்ல 2 என்ற எண்ணைக் கொடுக்க வேண்டும். பலர் ‘ஆம்’ என்று பொருள்படும் மதிப்பைக் கொடுத்தார்கள். கணினிக்கு அது 1. அன்றைய கர்லில் 1 என்றால், ஏதாவது ஒரு பெயர் இருந்தால் போதும் என்று அர்த்தம். பாதுகாப்பைப் போடுகிறோம் என்று நினைத்தே எடுத்துவிட்டார்கள். கையேட்டில் ஒரு பத்தியைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

நீங்களே இதையெல்லாம் செய்து பார்க்கும்போது ஒருநாள் திரையில் ‘சான்றிதழ் சரிபார்க்க முடியவில்லை’ என்று ஒரு பிழை வரும். சோதனையை நிறுத்திவிடச் சொல்லி யாராவது ஒரு வரி எழுதிக் கொடுப்பார்கள். அந்த வரியைப் போட்டால் பிழை போய்விடும், கூடவே காவலும் போய்விடும். அதற்கு முன் கணினியின் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய கணினிகளின் தாய்ப்பலகையில் உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனால், அணைத்துப் போடும் ஒவ்வொரு தடவையும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். ராஸ்பெரி பை என்ற சிறிய கணினியின் பல மாடல்களில் அணைத்திருக்கும்போது ஓடும் கடிகாரமே கிடையாது, இணையத்தில் கேட்டுத்தான் நேரத்தைத் தெரிந்துகொள்ளும். அந்தத் தேதிப்படி பார்த்தால் இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் நடப்புக்கே வராதவை, அதனால்தான் நூலகம் மறுக்கிறது. தேதியைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினால் இணைப்பு கிடைத்துவிடும்.